உடைந்த கப்பியும் இரும்பு அணுவின் நடையும்: திண்ம அலுமினியத்தில் தாண்டல் உலோகங்கள் பரவும் விதம்

சம்மாந்துறை வார்ப்பகம் | சனிக்கிழமை, இரவு 9.10

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். நான் பழைய அலுமினியத்தை உருக்கி, மண் அச்சில் நெல் ஆலைகளுக்கும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களுக்கும் பாகங்கள் வார்த்துக் கொடுப்பவன். பெரும்போக அறுவடை நேரத்தில் ஓர் ஆலைக்குக் கொடுத்த பெல்ட் கப்பி, மூன்றாவது நாளே ஆரத்தின் அடியில் வெடித்துப் பிரிந்துவிட்டது. அதற்கு முந்திய மாதம் இன்னொன்றும் அப்படியே போனது. உடைந்த துண்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிற உலோகத்துக்குள் மெல்லிய தட்டையான செதில்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பளபளத்தன. சில ஒரு மில்லிமீற்றர் நீளமாவது இருக்கும். முறிவு அந்தச் செதில்களை ஒட்டியே ஓடியிருக்கிறது.

இரும்பு கலந்துவிட்டது என்று அனுபவமுள்ள ஒருவர் சொன்னார். அதோடு, வார்த்த பாகத்தை 500 பாகை செல்சியசில் ஒரு முழு நாள் சூடாக்கி வைத்தால், இரும்பு அலுமினியத்துக்குள் பரவிச் சீராகிவிடும், செதில்களும் கரைந்துவிடும் என்றார். விறகும் டீசலும் விற்கும் விலையில் ஒரு நாள் உலை எரிப்பது சின்னச் செலவல்ல. இறங்குவதற்கு முன்னர், இது நடக்கக்கூடிய காரியம்தானா என்று விபரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கல்லடி இரசாயனம் | சனிக்கிழமை, இரவு 10.25

வணக்கம் தம்பி. நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பதில் சொல்வதற்கு முன்னர் மூன்று விடயங்கள் தெரிய வேண்டும். எதில் உருக்குகிறீர்கள், எந்தப் பழைய பொருட்களைப் போடுகிறீர்கள், உருக்கும் பாத்திரம் புதிதாக இருந்தபோது என்ன நிறை, இப்போது என்ன நிறை? கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இரும்பு எங்கிருந்து வருகிறது என்பதை வேறு எந்தக் கருவியும் இல்லாமல் தராசே சொல்லிவிடும்.

சம்மாந்துறை வார்ப்பகம் | ஞாயிற்றுக்கிழமை, காலை 7.45

டீச்சர், இரும்புக் கிடாரத்தில்தான் உருக்குகிறேன். பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடிகள், கியர் பெட்டிகள். கிடாரம் வாங்கும்போது 14 கிலோ இருந்தது, பற்றுச்சீட்டில் எழுதியிருக்கிறது. ஃபஜ்ர் முடித்துவந்து, ஒட்டியிருந்த கசடை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு நிறுத்தேன். 11.6 கிலோ. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தபோது, உருகிய உலோகத்தின் மட்டம் நிற்கும் வளையத்தில் சுவர் அரைவாசியாக மெலிந்து, கறையான் அரித்த பலகை போலக் குழிகுழியாக இருந்தது. இந்தக் கிடாரத்தில் இதுவரை ஏறத்தாழ 400 கிலோ உருக்கியிருப்பேன். இதை எழுதும்போதே விடை தெரிவது போல இருக்கிறது.

கல்லடி இரசாயனம் | ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.30

நீங்கள் செய்தது மிக நல்ல பரிசோதனை, தம்பி. காணாமற்போன 2.4 கிலோ இரும்பில் ஒரு பகுதி கசடோடு போயிருக்கலாம். பெரும்பகுதி நீங்கள் வார்த்த பாகங்களுக்குள் இருக்கிறது. 400 கிலோவுக்கு 2.4 கிலோ என்றால் 0.6 சதவீதம். இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. எஞ்சின் மூடிகள் பெரும்பாலும் உருக்கு அச்சுகளில் அழுத்த வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. உருகிய அலுமினியம் அந்த அச்சைக் கரைத்து ஒட்டிக்கொள்ளாமலிருக்க, அந்தக் கலப்புலோகத்தில் 1 சதவீதமளவு இரும்பை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். ஆகவே உங்கள் கப்பியில் 1.5 சதவீதத்துக்குக் குறையாமல் இரும்பு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கேள்வி. அந்த இரும்பைச் சூட்டினால் பரப்பிவிட முடியுமா? முடியாது. அதற்கு இரண்டு தடைகள் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது தடை கரைதிறன். உருகிய அலுமினியம் இரும்பைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். 700 பாகையில் 2 சதவீதத்துக்கும் மேல் கரையும். உறைந்த அலுமினியமோ, மிக அதிகமாக ஏற்கும் 655 பாகையிலேயே 0.05 சதவீதத்தைத்தான் தன் சாலகத்துக்குள், அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்குக்குள், வைத்திருக்கும். 500 பாகையில் அது இன்னும் பல மடங்கு குறைந்துவிடும். உங்கள் கப்பியில் இருப்பது அந்த உச்சத்தின் 30 மடங்கு. எஞ்சியதெல்லாம் உறையும்போதே அலுமினியத்தோடும் சிலிக்கனோடும் சேர்ந்து சேர்வைப் படிகங்களாக ஒதுங்கிவிடுகிறது. நீங்கள் வெயிலில் கண்ட செதில்கள் அவைதான். அவை கடினமானவை, நொறுங்கும் தன்மையுள்ளவை. இழுவிசை வந்தால் உலோகத்துக்குள் முன்பே இருக்கும் வெடிப்பைப் போல நடந்துகொள்பவை. ஒரு நாளல்ல, ஒரு வருடம் சூட்டினாலும் அந்த இரும்புக்குப் போய் அமர இடமில்லை.

இரண்டாவது தடை வேகம். இடமிருக்கும் சிறிதளவுகூட மிக மெதுவாகத்தான் நகரும். 500 பாகையில் 24 மணித்தியாலத்தில் ஒவ்வொரு மூலகமும் திண்ம அலுமினியத்துக்குள் சராசரியாக எவ்வளவு தூரம் பரவும் என்பதை, பரவற்குணகத்தை (பரவும் வேகத்தைக் காட்டும் எண்) நேரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து மதிப்பிட்டேன். மக்னீசியம் ஏறத்தாழ 120 மைக்ரோமீற்றர் செல்லும். செம்பு 60 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு தலைமுடியின் தடிப்பளவு. இரும்பு 9 மைக்ரோமீற்றர். மங்கனீசு 2.6. சேர்க்கோனியம் அரை மைக்ரோமீற்றர். வனேடியம் 20 நனோமீற்றரைத் தாண்டுவதே கடினம். உங்கள் செதில் ஒரு மில்லிமீற்றர் நீளம் என்றீர்கள். அது 1,000 மைக்ரோமீற்றர்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உங்கள் பழைய பொருட்களில் செம்பும் இருக்கும். அப்படிப்பட்ட வார்ப்பை 505 பாகைக்கு மேலே அவசரமாகக் கொண்டுபோனால், மணிகளின், அதாவது உலோகத்தை ஆக்கும் சிறு படிகங்களின், எல்லைகளில் கடைசியாக உறைந்த பகுதி மீண்டும் உருகத் தொடங்கக்கூடும். பாகம் முன்பைவிட மோசமாகும். டீசலை மிச்சப்படுத்துங்கள்.

ஏறாவூர் மெக்கானிக் | ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.05

டீச்சர் சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் எனக்கு ஒரு முரண்பாடு தெரிகிறது. இரும்பு அணுவின் ஆரை 126 பிக்கோமீற்றர், அலுமினியத்தின் ஆரை 143, மக்னீசியத்தின் ஆரை 160 என்று மகளின் புத்தகத்தில் பார்த்தேன். சிறியதுதானே சந்துபொந்துகளுக்குள் இலகுவாக நுழைய வேண்டும்? பெரிய மக்னீசியம் 120 மைக்ரோமீற்றர் ஓட, சிறிய இரும்பு 9இல் நிற்கிறது என்றால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. பற்சில்லுகளுக்கு மேற்பரப்பில் காபன் ஏற்றும்போது சில மணித்தியாலங்களில் ஒரு மில்லிமீற்றர் ஆழம் வரை போய்விடுகிறது. உருக்குக்குள் காபன் அப்படி ஓடுமென்றால், அலுமினியத்துக்குள் இரும்பு ஏன் ஓடாது?

கல்லடி இரசாயனம் | ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.40

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். காபன் நடப்பதும் இரும்பு நடப்பதும் இருவேறு வழிகள்.

அலுமினியத்தில் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் மையங்களிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள மிகப் பெரிய பொந்தின் ஆரை, அணுவின் ஆரையில் 0.414 மடங்கு, அதாவது ஏறத்தாழ 59 பிக்கோமீற்றர். ஐதரசன் போன்ற மிகச் சிறிய அணு அந்தப் பொந்துகள் வழியே ஓடிவிடும். உருக்கில் காபன் செய்வதும் அதுதான். 126 பிக்கோமீற்றர் இரும்புக்கு 59 பிக்கோமீற்றர் பொந்து வாசலே அல்ல. ஆகவே அது அலுமினிய அணுவுக்குரிய ஆசனத்தில்தான் அமர்ந்திருக்கும். பக்கத்து ஆசனம் காலியானால் மட்டுமே நகரும். அப்படிக் காலியான இடத்தை அணு வெற்றிடம் என்கிறோம். வந்தாறுமூலைக்குப் போகும் பஸ் காலையில் நிரம்பி நிற்கும்போது, யாராவது இறங்கினால்தானே நிற்பவர் ஒருவர் ஓர் அடி உள்ளே போகலாம். அதைப் போல என்று வையுங்கள்.

அந்த வெற்றிடங்கள் எத்தனை என்பதை 1960இல் சிம்மன்ஸ், பலுஃபி என்ற இருவர் அழகாக அளந்தார்கள். அலுமினியக் கோலைச் சூடாக்கி, அதன் நீளம் எவ்வளவு கூடுகிறது என்பதையும், எக்ஸ்-கதிரால் அணுக்களுக்கிடையிலான தூரம் எவ்வளவு கூடுகிறது என்பதையும் ஒருசேர அளந்தார்கள். கோல், அணுத்தூரத்தைவிடச் சற்று அதிகமாக நீண்டது. அந்த மேலதிகம் புதிதாகத் தோன்றிய காலி ஆசனங்களால் வந்தது. உருகுநிலைக்கு அருகில் 10,000 இடங்களுக்கு ஏறத்தாழ 9 இடங்கள் காலி. நம் அறை வெப்பநிலைக்குக் கணித்தால், பத்தாயிரம் கோடி இடங்களுக்கு ஒன்றுதான் தேறும்.

ஆகவே உருவம் சிறியதா பெரியதா என்பது இங்கே முதன்மையான கேள்வி அல்ல. வெற்றிடம் பக்கத்தில் வந்து நிற்குமா, வந்தபின் பழைய அயலவர்களை விட்டுப் பிரிந்து அந்த அணு பாயுமா என்பவைதான் கேள்விகள்.

களுவாஞ்சிக்குடி மாணவி | திங்கட்கிழமை, மாலை 6.15

வணக்கம் ரீச்சர். நான் இரண்டாம் வருட உயர்தர மாணவி. வெப்பநிலையோடு வேகம் மாறுவதைச் சொல்லும் ஆரேனியசு சமன்பாட்டை வைத்து உங்கள் எண்களைச் சரிபார்க்க முயன்றேன். ஓரிடத்தில் எனக்கு இடறுகிறது. அலுமினியம் தனக்குள் தானே பரவுவதற்கான ஏவற்சக்தி (பாய்வதற்கு அணு தாண்ட வேண்டிய சக்தித் தடை) மூலுக்கு 124 கிலோயூல் என்றும், இரும்புக்கு 221 என்றும் ஓர் அட்டவணையில் கண்டேன். வித்தியாசம் 97 கிலோயூல். 500 பாகை என்றால் 773 கெல்வின். வாயு மாறிலியால் பெருக்கினால் மூலுக்கு 6,427 யூல். வித்தியாசத்தை இதனால் வகுத்து அடுக்குக்குறியில் வைத்தால், இரும்பு அலுமினியத்தைவிட ஏறத்தாழ 36 இலட்சம் மடங்கு மெதுவாக இருக்க வேண்டும். ஆனால் 9 மைக்ரோமீற்றர் என்ற உங்கள் விடையிலிருந்து பின்னோக்கிப் போனால் 60 மடங்கு அளவுதான் மெதுவாக இருக்கிறது. நான் எங்கே பிழைவிட்டேன்?

ஒலுவில் பட்டதாரி | திங்கட்கிழமை, இரவு 11.20

தங்கச்சி, நீங்கள் பிழைவிடவில்லை. சமன்பாட்டின் அரைவாசியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டீர்கள். அடுக்குக்குறிக்கு முன்னால் ஒரு மாறிலி இருக்கிறதல்லவா, அதையும் பாருங்கள். அலுமினியத்துக்கு அது செக்கனுக்கு 1.37 × 10⁻⁵ சதுர மீற்றர், இரும்புக்கு 0.77 சதுர மீற்றர். இரும்பினுடையது 56,000 மடங்கு பெரிது. 36 இலட்சத்தை 56,000ஆல் வகுத்தால் 64 வரும். ரீச்சரின் கணக்கும் உங்கள் கணக்கும் ஒன்றுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தபோது, இந்த மாறிலியை வெறும் பெருக்கி என்று நினைத்துக் கடந்துபோனேன். அது பெரிய தவறு. அதற்குள்தான் அணு எத்தனை தரம் அதிர்ந்து முயற்சி செய்கிறது என்பதும், பாயும் கணத்தில் சுற்றியுள்ள சாலகம் எவ்வளவு தளர்ந்துகொடுக்கிறது என்பதைக் காட்டும் எந்திரப்பியும் இருக்கின்றன. இரும்பு, குரோமியம், வனேடியம் போன்றவற்றுக்குத் தடை உயரம். ஆனால் தடையின் உச்சியில் சாலகம் பெரிதும் தளர்வதால், அந்த மாறிலியும் பெருத்துவிடுகிறது. உயர்ந்த வெப்பநிலையில் இது ஓரளவு ஈடுசெய்யும். குளிர்ந்தால் ஈடுசெய்யாது. 400 பாகைக்குக் கணித்துப் பாருங்கள். 64 மடங்கு என்பது 600 மடங்கைத் தாண்டிவிடும்.

அறை வெப்பநிலைக்கு அதே கோட்டை நீட்டினால் கிடைப்பது இன்னும் வியப்பானது. செக்கனுக்கு 10⁻³⁹ சதுர மீற்றர் என்ற ஒழுங்கில் ஒரு பரவற்குணகம் வரும். பூமி தோன்றி 450 கோடி வருடங்கள். அந்தக் காலம் முழுவதையும் கொடுத்தாலும், அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பு அணு, அடுத்த அணுவுக்கான தூரமாகிய 0.286 நனோமீற்றரில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சராசரியாகக் கடந்திராது. வீட்டு அலுமினியப் பானைக்குள் எவர்சில்வர் அகப்பையிலிருந்து குரோமியம் ஊறிச் செல்லுமா என்று என் உம்மா கேட்டபோது, இந்தக் கணக்கைத்தான் அவருக்குச் சொன்னேன்.

இனி, இந்தத் தடை ஏன் வருகிறது? முதலாம் தாண்டல் வரிசையை, அதாவது ஆவர்த்தன அட்டவணையில் ஸ்கண்டியத்திலிருந்து நாகம் (துத்தநாகம்) வரையுள்ள உலோகங்களை, இடமிருந்து வலமாக எடுத்து, அலுமினியத்துக்குள் ஒவ்வொன்றின் ஏவற்சக்தியையும் மூலுக்குக் கிலோயூலில் எழுதிப் பாருங்கள். ஸ்கண்டியம் 173, தைத்தேனியம் 260, வனேடியம் 303. அங்கிருந்து குரோமியத்தில் இறங்கத் தொடங்கி, மங்கனீசு 208, இரும்பு 221 என்று சிறிது தடுமாறி, நிக்கல் 146, செம்பு 136, நாகம் 120 என்று முடிகிறது. அணுவின் ஆரை இந்த வரிசையில் இப்படிக் குன்றாக ஏறி இறங்குவதில்லை. இப்படி ஏறி இறங்குவது, பாதியளவு நிரம்பிய டி-இலத்திரன் ஓட்டின் (அணுவின் இலத்திரன் அடுக்குகளில் ஒன்று) பிணைப்பு வலிமை. அந்த இலத்திரன்கள் அயலிலுள்ள அலுமினிய அணுக்களின் வெளி இலத்திரன்களோடு இறுக்கமாகப் பிணைந்துகொள்கின்றன. வெற்றிடம் என்பது அயலவர் ஒருவர் இல்லாத இடம். பிணைப்பை விரும்பும் அணு அப்படிப்பட்ட இடத்தின் அருகே இருப்பதை விரும்பாது. தப்பித்தவறி வெற்றிடம் வந்து நின்றாலும், பாய்வதற்கு அந்தப் பிணைப்புகளில் பலவற்றை ஒரே நேரத்தில் விட வேண்டியிருக்கிறது. மக்னீசியத்துக்கோ நாகத்துக்கோ இந்தச் சிக்கல் இல்லை. நாகத்தின் டி-ஓடு முழுக்க நிரம்பிப் பிணைப்பில் பங்கெடுக்காமல் ஒதுங்கியிருக்கிறது. மக்னீசியத்துக்கு அந்த ஓட்டில் இலத்திரனே இல்லை. ஏறாவூர் நானா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

பழைய நூல்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1960களின் தொடக்கத்தில் வெளியான சில அளவீடுகள், அலுமினியத்தில் நிக்கல், இரும்பு போன்றவற்றுக்கு மிகக் குறைந்த ஏவற்சக்தியைத் தந்தன. அவற்றை நம்பினால் தாண்டல் உலோகங்கள் மிக இலகுவாகப் பரவுவதாகத் தோன்றும். கோளாறு அலுமினியத்தின் தோலில் இருந்தது. வெட்டிய மேற்பரப்பில் காற்றுப் பட்டதும் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலம் மூடிக்கொள்கிறது. அதன் மேல் பூசப்பட்ட கதிரியக்கத் தடங்காட்டி (கதிர்வீச்சால் பின்தொடரக்கூடிய அணுக்கள்) அந்தப் படலத்திலேயே சிக்கிக்கொண்டால், உள்ளே போனது எவ்வளவு என்ற கணக்கு முழுவதும் கெட்டுவிடும். 1970இல் ஹூட் இரும்பைக் கவனமாக மீண்டும் அளந்தபோதுதான் 200 கிலோயூலைத் தாண்டிய பெறுமானம் நிலைபெற்றது. பின்னர் அயன்களை வேகமாக எய்து, படலத்துக்கு அடியிலேயே அணுக்களைப் பதித்து அளந்தார்கள். தோலின் தொல்லை அதோடு தீர்ந்தது. ஒரே மூலகத்துக்கு இரண்டு நூல்களில் இரண்டு எண்களைக் கண்டால், அளவிட்ட ஆண்டைப் பாருங்கள்.

களுவாஞ்சிக்குடி மாணவி | செவ்வாய்க்கிழமை, மாலை 5.50

400 பாகைக்குச் செய்து பார்த்தேன், 601 வந்தது. மிக்க நன்றி நானா. அலுமினியத்தின் 124 என்ற எண்ணையும் உடைத்துப் பார்த்தேன். வெற்றிடம் ஒன்றை உண்டாக்க 0.67 இலத்திரன்வோல்ற்று, அது நகர 0.61, கூட்டினால் 1.28. மூலுக்கு மாற்றினால் ஏறத்தாழ 124 கிலோயூல். ஒரே எண்ணுக்குள் இரண்டு கதைகள் இருப்பது இப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏறாவூர் மெக்கானிக் | செவ்வாய்க்கிழமை, இரவு 7.30

நான் பிடித்திருந்த முயலுக்கு மூன்று கால் என்று இனி நிற்க மாட்டேன். ஆரையை வைத்து வேகத்தைச் சொல்ல முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் செம்பைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். துராலுமின் என்ற விமானக் கலப்புலோகம், சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்திய பின்னர் சும்மா மேசையில் கிடந்தே சில நாட்களில் இறுகும் என்பார்கள். அறை வெப்பநிலையில் ஒன்றுமே நகராது என்றால், அங்கே என்ன நடக்கிறது?

ஒலுவில் பட்டதாரி | செவ்வாய்க்கிழமை, இரவு 10.45

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1906இல் ஜேர்மனியில் அல்பிரட் வில்ம் இதைக் கண்டபோது அவருக்கும் காரணம் தெரியவில்லை. 500 பாகையில் வைத்திருக்கும்போது அலுமினியத்தில் 10,000 இடங்களுக்கு ஏறத்தாழ ஒன்று வெற்றிடமாக இருக்கும். சடுதியாகத் தண்ணீரில் அமிழ்த்தினால், அந்த வெற்றிடங்களுக்கு மறைந்துபோக நேரம் கிடைக்காது, உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். அறை வெப்பநிலையில் இயல்பாக இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு வெற்றிடங்கள் அப்போது கைவசம் இருக்கும். செம்பின் தடையே குறைவு. அதற்கு மேல் இத்தனை காலி ஆசனங்கள். ஆகவே அது சில நனோமீற்றர் நடந்து, சின்னஞ்சிறு தட்டுகளாகக் கூடிவிடுகிறது. இறுக்கம் அந்தத் தட்டுகளால் வருகிறது.

இரும்பு இந்த வெற்றிடங்களால் அப்படிப் பயன்பெறாது. கரைந்திருப்பதே மிகச் சொற்பம், தடையும் உயரம்.

மெதுவாக நகர்வதைக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. சேர்க்கோனியத்தை எடுங்கள். 400 பாகையில் அதன் பரவற்குணகம் செக்கனுக்கு 1.2 × 10⁻²⁰ சதுர மீற்றர். அலுமினியத்தினுடையதைவிட இரண்டரை இலட்சம் மடங்கு குறைவு. சிறிதளவு சேர்க்கோனியம் சேர்த்த மின்கடத்திக் கம்பிகளில் அது நுண்ணிய சேர்வைத் துணிக்கைகளாக நின்று, மணிகள் வளர்ந்து கம்பி மென்மையாவதைத் தடுக்கிறது. சாதாரண அலுமினியக் கம்பி 90 பாகையளவிலேயே தொடர்ந்து ஓட முடியுமென்றால், இது 150 பாகையில் ஓடும். சிறு துணிக்கைகள் கரைந்து பெரியவையாகத் திரள வேண்டுமென்றால் சேர்க்கோனியம் நடந்துபோக வேண்டும். அது நடக்காது என்பதுதான் அந்தக் கம்பியின் பலம். ஸ்கண்டியம் இன்னும் நுண்ணிய துணிக்கைகளைத் தரும், ஆனால் அதன் தடை 173 மட்டுமே. அதனால் இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். ஸ்கண்டியம் முந்திப் போய்க் கருவாகும், சேர்க்கோனியம் பிந்தி வந்து அதைச் சுற்றி ஓடாகப் படிந்து காவல் நிற்கும். வேகவித்தியாசத்தை இத்தனை நேர்த்தியாகப் பயன்படுத்திய வேறொரு கலப்புலோகத்தை நான் படித்ததில்லை.

கல்லடி இரசாயனம் | புதன்கிழமை, இரவு 8.50

எல்லோரும் நன்றாக விளக்கிவிட்டீர்கள். சம்மாந்துறைத் தம்பியின் கப்பிக்குத் திரும்புவோம். அவர் பிழைப்பு அதில் இருக்கிறது.

இரும்பு திண்மத்துக்குள் நகராது என்றால், அதைத் தடுக்க வேண்டிய இடம் திரவம். 650 பாகையிலுள்ள திண்மத்தைவிட, உருகிய அலுமினியத்தில் இரும்பு ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாகப் பரவும். அதனால்தான் கிடாரத்தின் சுவர் அத்தனை விரைவாக அரிக்கப்படுகிறது. உறைந்த பின்னர் செய்யக்கூடியது ஏறத்தாழ ஒன்றுமில்லை; உறைவதற்கு முன்னர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

கிடாரத்தின் உட்புறத்தைத் துரு நீக்கித் தேய்த்து, சுண்ணக்கல் மாவைச் சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலில் குழைத்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். கலக்கும் கம்பிக்கும் அகப்பைக்கும்கூடப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பின்னர், வெறும் கிடாரத்தை மெதுவாகச் சூடாக்கி ஈரத்தை முழுதாகப் போக்குங்கள். ஈரம் மீதியிருக்கும் பூச்சின் மேல் உருகிய உலோகம் பட்டால் நீராவி வெடித்து முகத்தில் தெறிக்கும். இதில் ஒருபோதும் அவசரப்படாதீர்கள். வசதி வந்தால் காரீயகக் குகைக்கு (காரீயகத்தாலான உருக்கும் பாத்திரம்) மாறுவது இதைவிட நல்லது.

எஞ்சின் மூடிகளில் அரைவாசியைக் குறைத்து, அந்த இடத்துக்கு யன்னல் சட்டங்கள் வெட்டும் கடைகளில் கிடைக்கும் துண்டுகளைச் சேருங்கள். அந்தக் கலப்புலோகத்தில் இரும்பின் மேல் எல்லை 0.35 சதவீதம். இரண்டும் சமமாகக் கலந்தால் இரும்பு 0.65 சதவீதத்துக்கு அருகே இறங்கும். சிலிக்கனும் குறைவதால் உலோகம் முன்புபோல இளகி ஓடாது. ஊற்றுவாயையும் ஓடுபாதையையும் சற்று அகலமாக வையுங்கள். போடுவதற்கு முன்னர் காந்தம் வைத்து உருக்கு ஆணி, போல்ட் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். ஒரேயொரு போல்ட் கணக்கைக் கெடுத்துவிடும்.

மங்கனீசைப் பற்றியும் ஒரு சொல். இரும்பின் அளவில் ஏறத்தாழ அரைவாசி மங்கனீசு இருந்தால், நீண்ட தட்டுகளுக்குப் பதிலாகக் கிளைவிட்ட, கட்டியான படிகங்கள் உறையும். அவை உலோகத்தை அவ்வளவு இலகுவில் பிளப்பதில்லை. இதுவும் திரவத்திலிருந்து உறையும்போது நடக்கும் மாற்றம். மென்பான டின்களின் உடலில் 1 சதவீதத்துக்கு மேல் மங்கனீசு இருக்கிறது. ஆனால் மெல்லிய தகடு எரிந்து கசடாகப் போவதால், அவற்றைக் குறைவாகவே நம்ப வேண்டும்.

ஏறாவூர் மெக்கானிக் | புதன்கிழமை, இரவு 9.15

சம்மாந்துறை நானாவுக்கு என் பக்கத்திலிருந்து ஒன்று. இந்தக் கலவையில் கப்பி வார்த்துக்கொள்ளுங்கள், மூடி வார்த்துக்கொள்ளுங்கள்; சமையல் பாத்திரம் மட்டும் வார்க்க வேண்டாம். பழைய எஞ்சின் பாகங்களோடு ஈயமும் பெயின்ற்றும் வந்து சேர்ந்துவிடும்.

சம்மாந்துறை வார்ப்பகம் | ஐந்து வாரங்களின் பின், வெள்ளிக்கிழமை, மாலை 4.40

அல்ஹம்துலில்லாஹ், இரண்டு நல்ல செய்திகள். டீச்சர் சொன்னபடி புதுக் கிடாரத்துக்குப் பூச்சுப் போட்டேன். முதற்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தடிப்பாகப் பூசியதுதான் பிழை. இரண்டாம் முறை பால்போலக் கரைத்து மூன்று தடவை மெல்லியதாகப் பூசினேன், நின்றுவிட்டது. ஏழு உருக்கு முடிந்திருக்கிறது, கிட்டத்தட்ட 90 கிலோ உலோகம். பூச்சைச் சுரண்டிவிட்டுக் கிடாரத்தை நிறுத்தேன். 14.2 கிலோவில் தொடங்கியது, 14.1இல் நிற்கிறது. பழைய கணக்குப்படி அரைக் கிலோவுக்கு மேல் கரைந்திருக்க வேண்டும்.

யன்னல் துண்டுகளைச் சமமாகக் கலந்து வார்த்த கப்பிகளில் ஒன்றை வேண்டுமென்றே சம்மட்டியால் அடித்தேன். முன்னையது இரண்டாவது அடியில் ஓடுபோலப் பிளந்தது. இது முதலில் வளைந்து, ஒன்பதாவது அடியில்தான் கிழிந்தது. முறிவை வெயிலில் பிடித்துப் பார்த்தால், துணி கிழிந்த இடம்போல மங்கலாக இருக்கிறது. பளபளக்கும் செதில்கள் இல்லாமலில்லை, ஆனால் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. நீளமும் அரிசியின் முனை அளவுக்குக் குறைந்துவிட்டது. அறுவடையில் உடைந்த அந்த ஆலைக்காரருக்குக் காசு வாங்காமல் புதியதைப் பூட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பழைய கிடாரத்தில் வார்த்து விற்காமல் வைத்திருக்கும் 11 கப்பிகளை என்ன செய்வது?

கல்லடி இரசாயனம் | வெள்ளிக்கிழமை, இரவு 9.05

மிகவும் சந்தோசம் தம்பி. அந்த 11 கப்பிகளையும் விற்காதீர்கள், சூட்டியும் பார்க்காதீர்கள். அவற்றை உடைத்து, ஒவ்வோர் உருக்கிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் யன்னல் துண்டுகளோடு சேர்த்துப் போடுங்கள். அவற்றில் 1.5 சதவீதம் இரும்பு இருந்தாலும், பத்தில் ஒன்று என்றால் புது உருக்குக்கு 0.15 சதவீதம்தான் கூடும். அந்த உருக்கில் எஞ்சின் மூடிகளை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். எந்த உருக்கில் எத்தனை கிலோ எதைப் போட்டீர்கள் என்பதைக் கிடாரத்தின் நிறையோடு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். 200 கிலோ தாண்டியதும் அந்த எண்களை இங்கே இடுங்கள்.

களுவாஞ்சிக்குடி மாணவி | வெள்ளிக்கிழமை, இரவு 9.30

நானா, உடைந்த பழைய துண்டு ஒன்றும் புதிய துண்டு ஒன்றும் எங்கள் பாடசாலைக்குத் தர முடியுமா? நுணுக்குக்காட்டியின் கீழே செதில்களின் நீளத்தை அளந்து பார்க்க விரும்புகிறோம்.

சம்மாந்துறை வார்ப்பகம் | சனிக்கிழமை, காலை 6.20

நிச்சயமாகத் தருகிறேன் மகள். செவ்வாய்க்கிழமை கல்முனைக்கு உலோகம் எடுக்க வருவேன். இரண்டு துண்டுகளையும் அறுத்து, முகத்தை அரத்தால் மட்டமாக்கி, எது எந்தக் கிடாரம் என்று குறித்துக் கொண்டுவருகிறேன்.